மஞ்சள் சப்பாத்தும் எட்டாம் இலக்கமும்

புள்ளிவிவர மேசைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "அக்கா, நீங்கள் எப்பவாவது பிழை விட்டிருக்கிறியளோ?" விட்டிருக்கிறேன். அதுவும் இங்கே ஜெர்மனியில், எங்கள் நகரத்துக் கூடைப்பந்து அணி தொழில்முறை லீக்குக்கு ஏறி ஆடிய முதல் ஆட்டத்திலேயே விட்டேன்.

வேலை இதுதான். மைதான ஓரத்து மேசையில் இரண்டு பேர் இருப்போம். ஒருவர் ஆட்டத்தைப் பார்த்துச் சொல்வார், மற்றவர் லாப்டொப்பில் அடிப்பார். சொல்பவர் திரையைப் பார்க்கக்கூடாது. அடிப்பவர் தலையை நிமிர்த்தக்கூடாது. நிமிர்த்தினால் அந்த நேரம் ஒரு ரீபவுண்ட் தவறிவிடும். வளையத்தில் பட்டுத் திரும்புகிற பந்தைப் பிடிப்பதுதான் ரீபவுண்ட். யார் பிடித்தது, யார் கொடுத்தது, யார் கோட்டைவிட்டது, எல்லாம் அந்தந்த வீரரின் பெயரில் ஏற வேண்டும்.

அடிப்பது நான். சொல்வது கண்ணன் அண்ணை. அவர் பஸ் ஓட்டுநர், யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு ஆடியவர். ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவில் வருடாவருடம் வாசலில் செருப்புப் பார்க்கிற தொண்டு அவருடையது. ஆள் கும்பிட்டுவிட்டு வெளியே வரும்போதே, "உங்கட சோடி அந்தா, மூண்டாவது வரிசை" என்று கை காட்டுவார். மனிதருக்கு முகம் மறந்தாலும் சப்பாத்து மறக்காது. மேசையிலும் அதே பழக்கம்தான். இலக்கம் சொல்ல மாட்டார். "மஞ்சள் ரீபவுண்ட்! சிவப்புக் குடுத்தவர், பச்சை போட்டவர், உள்ள!" என்று தமிழில் பொழிவார். எந்த நிறம் எந்த இலக்கம் என்று ஒரு துண்டில் எழுதி லாப்டொப்பில் ஒட்டி வைத்திருப்பேன். கீழ் லீக்கில் நான்கு வருடம் இப்படியே ஓட்டினோம். எங்களை விட வேகமான மேசை இந்தப் பக்கத்திலேயே இல்லை என்கிற தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது.

அன்று ஆட்டத்துக்கு முன் டெனிஸ் எங்கள் மேசைக்கு வந்தார். எட்டாம் இலக்கம், நீலச் சப்பாத்து. கழகம் அவரை இன்னும் நிரந்தரமாக எடுக்கவில்லை; புறோபசைற் என்கிற தகுதிகாண் காலத்தில் இருந்தார்.

"என்ர புறோபசைற் இண்டையோட முடியுது," என்றார். அவர் பேசியது ஜெர்மன். எனக்கு நினைவிருப்பது எங்கள் பாஷையில். "மனேஜர் ஊரில இல்லை. உங்கட தாளைப் பாத்துத்தான் என்னை வச்சிருக்கிறதோ அனுப்புறதோ எண்டு முடிவெடுப்பாராம். நான் செய்யாததை எழுத வேண்டாம். செய்ததை மட்டும் விட்டிடாதேங்கோ."

"நாங்கள் ஒண்டும் விடமாட்டம்," என்றேன். வாய்க்கொழுப்பு.

முதல் பாதியில் டெனிஸ் பதற்றத்தில் ஒன்றும் செய்யவில்லை. இரண்டாம் பாதி தொடங்கும்போது கண்ணன் அண்ணை ஐந்து பேரையும் வாசித்தார். "மஞ்சள் நிக்கிறார், நீலம் இல்லை." மஞ்சள் என்றால் பதினொன்று, எங்கள் அணியின் பெரிய புள்ளி. அதற்குப் பிறகு மஞ்சள், மஞ்சள், மஞ்சள்தான். என் விரல் பதினொன்றை அடித்து அடித்தே களைத்துப்போனது. நாங்கள் மூன்று புள்ளியால் வென்றோம். மண்டபமே குதித்தது. பாவம் டெனிஸ், உள்ளே விடவே இல்லையே என்று நினைத்துக்கொண்டு தாளை அச்சடித்தேன். பக்கத்தில் கையால் புள்ளி எழுதுகிற பெண்மணியின் கூட்டுத்தொகையும் என்னுடையதும் ஒன்றாகவே இருந்தன. ஊடகப் பொறுப்பாளர் வந்து தாளை வாங்கிக்கொண்டு போனார்.

அப்போது டெனிஸ் வந்தார். காலில் வெறும் சொக்ஸ். கையில் மஞ்சள் சப்பாத்து.

"பதினோராம் இலக்கத்தைக் கண்டனீங்களோ? இடைவேளைக்கு முதல் அவருக்குக் கால் சுளுக்கிப்போச்சு. என்ர சப்பாத்தின்ர அடியும் பிளந்துபோச்சு. அதுதான் அவற்ர சப்பாத்தைப் போட்டுக்கொண்டு விளையாடினனான்." முகமெல்லாம் சிரிப்பு. "எத்தினை ரீபவுண்ட் எனக்கு?"

கண்ணன் அண்ணை அந்தச் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, இது கோயில் வாசல் இல்லை!" என்று கத்திவிட்டேன்.

"என்ர பிழைதான் தங்கச்சி. ஓடு, முதல் அந்தத் தாளைப் பிடி!"

ஓடினேன். ஊடகப் பொறுப்பாளர் பத்திரிகையாளர் அறை வாசலில் நின்றார். ஒரு கையில் எங்கள் தாள், மறு கையில் பிராட்வுர்ஸ்ட் சொசேஜ்.

"மனேஜருக்கு அனுப்பியாச்சோ?"

"இல்லை. விரலெல்லாம் கடுகுச் சோஸ். திண்டு முடிச்சிட்டு அனுப்புவம் எண்டு..."

கடுகு பூசிய அந்தக் கையைப் பிடித்துக் கும்பிடலாம் போலிருந்தது. பிழையை ஒளிக்காமல் சொன்னேன். பதினைந்து நிமிடம் தந்தார்.

பதினொன்று இரண்டாம் பாதியில் ஆடவே இல்லை என்பதால் வழி நேரானது. அந்தப் பாதியில் அவர் பெயரில் இருந்த ஒவ்வொரு வரியையும் எட்டுக்கு மாற்றினேன். பெண்மணியின் தாளில் யார் போட்ட புள்ளி என்று சரியாகவே எழுதியிருந்தது. கூட்டுத்தொகையோடு நிறுத்தாமல் ஆள் ஆளாக ஒப்பிட்டிருந்தால் அப்போதே கண்டுபிடித்திருப்பேன். இந்த முறை கண்ணன் அண்ணை ஒவ்வொன்றாக வாசித்தார், நிறமில்லாமல்: "எட்டு, ரீபவுண்ட். எட்டு, ரெண்டு புள்ளி." டெனிஸ் முகம் வெளிறி, மேசைக்கு அருகே தரையில் சொக்ஸோடு உட்கார்ந்திருந்தார். புதுத் தாள் வந்ததும் வாங்கி இரண்டு தரம் வாசித்தார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் கட்டிப்பிடித்தார்.

திங்கட்கிழமை மத்தியானம் கழகத்திலிருந்து செய்தி வந்தது. டெனிஸை எடுத்துவிட்டார்கள். கண்ணன் அண்ணைக்குப் போன் எடுத்தேன். பஸ் கடைசித் தரிப்பில் நின்றிருக்க வேண்டும், உடனே எடுத்தார்.

"அம்மாளாச்சி காப்பாத்திப்போட்டா," என்றார். அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. எனக்கும் அன்றுதான் சோறு இறங்கியது.

ஆகவே பிள்ளைகள், கூட்டுத்தொகை சரியென்றால் எல்லாம் சரியென்று எழும்பிவிடாதீர்கள். கூட்டுத்தொகையை வைத்து யாரையும் வேலைக்கு எடுப்பதில்லை. இரண்டாம் பாதி தொடங்கும்போது ஒருமுறை நானே தலையை நிமிர்த்தி ஐந்து இலக்கத்தையும் பார்த்துவிடுகிறேன். ஒரு ரீபவுண்ட் போனால் போகட்டும்.

அடுத்த ஆட்டத்துக்கு முன் டெனிஸ் மேசைக்கு வந்து, ஒரு காலைத் தூக்கிக் காட்டினார். புத்தம் புதிய சப்பாத்து, கண்ணைப் பறிக்கிற செம்மஞ்சள் நிறம்.

"இண்டைக்கு இதுதான். முன்கூட்டியே சொல்லிப்போடுவம் எண்டு வந்தனான்."

கண்ணன் அண்ணை காலைப் பார்க்கவே இல்லை. நெஞ்சைப் பார்த்து, "எட்டு," என்றார்.