எங்கள் வீட்டில் பிகாஸ் கிடையாது

பதினோரு வருடம் வீட்டிலேயே இருந்துவிட்டு, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். அந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆகவேண்டும். ஆசை என்று சொல்வது மரியாதைக்காக. வெறி என்பதுதான் சரி. இன்டர்வியூ இங்கிலீஷில் நடக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பிரியாணிக் கடை மாடியில் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன்.

டீச்சருக்கு இருபத்து மூன்று வயதிருக்கும். நாங்கள் ஏழு பெண்களும் அவளைவிட மூத்தவர்கள். ஆகவே எங்களை அக்கா என்று கூப்பிட்டுத்தான் திட்டுவாள்.

முதல் வாரப் பாடம் அண்ட். அதில் நாங்கள் புலிகள். விடிந்ததிலிருந்து ராத்திரி கேட்டைப் பூட்டுவது வரை சமையல், துணி, பாத்திரம், பிள்ளைகள் என்று ஒரே வாக்கியத்தில் பதினான்கு அண்ட் போட்டேன். நடுவில் எங்காவது முற்றுப்புள்ளி வையுங்கள் அக்கா என்றாள். என் நாளில் அதற்கு இடம் இருந்தால் வைத்திருக்க மாட்டேனா?

இரண்டாம் வாரம் பட். பதினொரு மணிக்குக் கீழே பிரியாணி அண்டாவின் தம்மைத் திறந்துவிட்டார்கள். "பிரியாணி ரெடி, பட் நாம வகுப்புல இருக்கோம்" என்றாள் டீச்சர். அதற்குமேல் விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை.

மூன்றாம் வாரம் பிகாஸ் வந்தது. நேற்று ஏன் லேட் என்று ஒவ்வொருவரையும் இங்கிலீஷில் கேட்டாள்; பதிலை பிகாஸ் போட்டுச் சொல்லவேண்டும். ஏழு பேரும் வரிசையாக எழுந்து, தலையைக் குனிந்து, சாரி மிஸ் என்று சொல்லி உட்கார்ந்தோம். எங்களுக்கு அந்த வார்த்தை புரியவில்லை என்று நினைத்து போர்டில் பெரிதாக எழுதிப் போட்டாள். பாவம், சின்னப் பெண். வார்த்தை எங்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் எங்கள் வீடுகளில் ஏன் என்று கேட்டால் பதில் சொல்லக்கூடாது. ஏன் லேட்டு, ஏன் குழம்பில் உப்புக் கம்மி என்றால் தலையைக் குனியவேண்டும், உப்பைப் போடவேண்டும். காரணம் சொன்னால் அது எதிர்த்துப் பேசுவது. ஏழாம் வகுப்பில் மார்க் ஏன் குறைந்தது என்று அப்பா கேட்டதற்கு, காய்ச்சல் என்று சொன்னேன். மார்க்குக்கு ஒரு அடி, காரணம் சொன்னதற்கு இன்னொரு அடி.

இதை டீச்சரிடம் சொன்னோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, வீட்டில் தினமும் ஒரு காரணமாவது தமிழிலேயே சொல்லிப் பழகுங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்தாள். அன்று சாயங்காலமே, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனம் ஏன் அடிப்பிடித்தது என்று என் மாமியார் கேட்டார்.

"நீங்க கதவத் தட்டுனீங்க, திறக்க வந்தேன். அதான் அத்தை."

என் கணவர் தட்டை அன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று மாமியார் சொல்லிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டுப்பாடத்தை நான் செய்யவே இல்லை. செய்ததாக டீச்சரிடம் தினமும் பொய் சொன்னேன்.

இன்டர்வியூவில் மூன்று பேர். நடுவில் ஒரு பெண் டாக்டர். பெயர், படிப்பு, ஊர் எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். ஏன் பதினோரு வருடம் வேலைக்குப் போகவில்லை என்று டாக்டர் இங்கிலீஷில் கேட்டார். நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன், தலையைக் குனிந்தேன், சாரி மேடம் என்றேன். வாயிலிருந்து அது வந்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. தொலைந்தது வேலை என்று நினைத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத் தமிழில் சொன்னார்.

"நான் திட்டலம்மா. தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினோரு வருடமாக ஒரு நாளைக்குப் பத்து ஏன் என் காதில் விழுந்திருக்கும். தெரிந்துகொள்வதற்காக ஒருவரும் கேட்டதில்லை. உட்கார்ந்து, உடைந்த இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினேன். பிகாஸ் இரண்டு பிள்ளைகள். பிகாஸ் மாமனார் நான்கு வருடம் படுக்கையில் கிடந்தார். பிகாஸ் அவர் போன பிறகும் வேலைக்குப் போகிறாயா என்று யாரும் கேட்கவில்லை. பிகாஸ் நானும் கேட்கவில்லை. டாக்டர் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள்.

வீட்டு வாசலில் மாமியார் கரண்டியோடு நின்றிருந்தார். ஏன் இம்புட்டு நேரம் என்றார். பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றும் சாக்கில் குனிந்தேன். பிறகு நிமிர்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் கேட்டது, நான் எழுந்து நின்றது, டாக்டர் கண்ணாடியைக் கழற்றியது. மாமா படுத்திருந்ததைச் சொன்ன இடம் வந்ததும் நானாகவே நிறுத்திக்கொண்டேன். உள்ளே குக்கர் விசில் அடித்தது. அவர் நகரவில்லை.

"ம், சொல்லு. அப்புறம்?"