அண்ணன் மாற்றிச் சொன்ன சாட்சி

எங்கள் அண்ணன் இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. "அமைதியாகக் கண் மூடினார்" என்று நினைவஞ்சலி எழுதித் தரும்படி உறவினர்கள் கேட்டார்கள். கூட இருந்து பார்த்தவள் நான். அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை.

தூத்துக்குடிக் கடற்கரையில், சங்கு குளித்துப் பிழைத்த குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார் அண்ணன். அப்பா நுரையீரல் கெட்டு முடங்கியதும், பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு தனியார் கிடங்கில் மூட்டை சுமக்கப் போனார். அப்படித்தான் என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். பின்னாளில் மேஸ்திரி ஆனார். அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் ஓட்டப்பிடாரம், சாத்தான்குளம் பக்கத்து இந்துக்கள். அவர்களுக்குப் பிரசங்கம் செய்ய அண்ணனுக்குத் தெரியாது. ஊரில் கோயில் கொடை என்றால் லீவு கொடுப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் செபம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கும் கூடப் போவார். கழுத்தில் எப்போதும் செபமாலை கிடக்கும்.

ஒருநாள் லாரிகள் காத்து நிற்க, மூட்டைகளை அடுக்கிய அட்டியை வழக்கத்தைவிட உயரமாக ஏற்றச் சொன்னார். அட்டி சரிந்தது. கீழே நின்ற தொழிலாளி இறந்துபோனார். ஓட்டப்பிடாரம் பக்கத்துக்காரர். மனைவியும் பள்ளிக்கூடம் போகும் மகளும் உண்டு. இறந்தவர் குடித்திருந்தார் என்று எழுதிய தாளை முதலாளி நீட்டினார். அண்ணன் கையெழுத்துப் போட்டார். மறுமாதம் என் திருமணம் நடக்க இருந்தது.

சில நாளில் ஒரு தொழிலாளி அவரிடம் கேட்டாராம்: "அண்ணாச்சி, அவன் பீடிகூடத் தொடாதவன்னு உங்களுக்குத் தெரியும். கழுத்துல மாலையப் போட்டுக்கிட்டு இப்படி எழுதிக் குடுத்துட்டியளே. உங்க சாமி இதத்தான் சொல்லுதாரா?"

அதற்குப் பின் அண்ணன் நற்கருணை வாங்கவில்லை. பூசையில் கடைசியில் நின்று, முதல் ஆளாக வெளியேறுவார். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்த அன்றும் வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

"அதான் சாமியார் மன்னிச்சிட்டாருல்லா, பெறகென்ன?" என்றேன்.

"அவரு மேலயா ஏளா அட்டி விழுந்துச்சு?" என்றார்.

கல்யாணம் முடியும்வரை பொறுக்கும்படி அழுதேன். இன்று அதை எழுதக் கூசுகிறது. அண்ணன் பொறுக்கவில்லை. விசாரணை அதிகாரியிடம் போய், "அவர் குடிக்கவில்லை. உயரமாக அடுக்கச் சொன்னது நான்தான்" என்று மாற்றி எழுதிக் கொடுத்தார். வேலை போயிற்று. வழக்கு அவர்மேலும் வந்தது. முதலாளி நீட்டிய தாளில் அவரோடு கையெழுத்திட்டிருந்தவர்கள் முகம் கொடுக்கவில்லை. என் திருமணமும் தள்ளிப்போனது.

பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். இறந்தவரின் மனைவி கதவை விட்டு நகராமல் சொன்னார்: "மன்னிச்சேன்னு நான் சொல்லிட்டா நீரு தூங்கிருவீரு. அப்பா எங்கன்னு எம்மவ கேட்டா நான் என்ன சொல்ல?"

ஆனாலும் மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் அந்த ஊருக்கு பஸ் ஏறிவிடுவார். இழப்பீட்டு மனுவுக்காக அந்த அம்மாவோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். சாட்சி சொன்னார். இழப்பீடும் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் வாங்கிக் கொடுத்தார். அந்த அம்மா ஒருநாளும் அவரை உள்ளே வரச் சொன்னதில்லை. அண்ணனும் அந்த வீட்டில் ஆண்டவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. "சொல்லதுக்கு எனக்கு என்ன யோக்கியத இருக்கு?" என்பார். சொல்லாமல் இருப்பதும் பாவமோ என்று அடுத்த நிமிடமே தவிப்பார்.

"அவங்களுக்காகப் போறியளா, உங்களுக்காகவா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தெரியல ஏளா. தெரிஞ்சா போகாம இருந்துருவேன்."

சிறுநீரகம் பழுதாகி இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், ஞாயிறு வந்தால் "பஸ்ஸு போயிரும்" என்று எழுந்திருக்கப் பார்ப்பார். சாமியார் வந்து நோயில் பூசுதல் கொடுத்த பிறகும் அவர் கைகள் போர்வையைப் பிடித்து இழுத்தபடியே இருந்தன. அப்படித்தான் போனார்.

அடக்கம் முடிந்து அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் சொன்னார்: "அவரு வந்தா எனக்கு ஆத்திரமா வரும்மா. வராத இந்த ரெண்டு மாசமும் வாசலத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அண்ணனை முகம் கோணாமல் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், இரத்தம் கொடுத்த பழைய கிடங்குத் தோழர்களுக்கும், கல்லறைவரை சுமந்து வந்த பங்கு மக்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். கடைசிவரை மன்னித்தேன் என்று பொய் சொல்லாத அந்த அம்மாவுக்கும் எங்கள் நன்றி.

— தங்கை