பிரேக் வாத்தியார் வீட்டில் ஒரு டெஸ்ட்

என் அக்கா கணவருக்குச் சும்மா உட்காரத் தெரியாது. உடம்பு நாற்காலியில் இருந்தாலும் வலது கால் மட்டும் வேலையில் இருக்கும். எதிரே இருப்பவர் பேச்சில் கொஞ்சம் வேகம் பிடித்தால் போதும், அந்தக் கால் தரையை அழுத்தும். சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போனால் திரையில் கார் திரும்பும்போதெல்லாம் முன்னால் இருப்பவரின் நாற்காலியை உதைத்துவிட்டு மன்னிப்புக் கேட்பார்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக் உண்டு, பக்கத்தில் உட்காரும் வாத்தியாருக்கும் ஒன்று உண்டு. இருபது வருடமாக அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டே ஊரைச் சுற்றியவர். அதனால் தெருவில் அவருக்குப் பெயர் பிரேக் வாத்தியார். எனக்கு மாமா.

வீட்டுக் காரை அக்காதான் ஓட்டுவாள். அவளுக்குக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான், ஆனால் நம்பிக்கை கிடையாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு இல்லாத பிரேக்கை மிதிப்பார். மிதித்து மிதித்து அந்தப் பக்கத்து மிதியடியில் ஓட்டையே விழுந்துவிட்டது. அக்கா இரண்டு தடவை மாற்றிப் பார்த்துவிட்டு, "போதும், இனிமே தகரத்தையே மிதிங்க" என்று கைகழுவிவிட்டாள்.

அவருடைய பள்ளியில் முதல் நாள் பாடம் ஒரே வரி. "சந்தேகமா? நிறுத்து. நிறுத்தினவன் எவனும் ஃபெயில் ஆனதில்லை." இதை ரோட்டோடு விட்டிருக்கலாம். விடமாட்டார். நேற்று வைத்த பால் கெட்டுவிட்டதோ என்று அக்கா முகர்ந்து பார்த்தால், உள்ளறையிலிருந்து "சந்தேகமா?" என்று ஒரு குரல் வரும். "நிறுத்து!" என்று கூடத்திலிருந்து இன்னொரு குரல் முடித்துவைக்கும். இரண்டாவது குரல் முதலாளியுடையது.

முதலாளி அவர்கள் மகள். ஒன்பது வயது. எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது ஒரு காப்பகத்திலிருந்து கூட்டி வந்தார்கள். அவளுக்கு அது தெரியும். மறைக்கவில்லை. விடுமுறை நாட்களில் பயிற்சிக் காரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "அப்பா, அந்தக் கடை ஓரமா நிறுத்து, வேண்டாம், போ" என்று உத்தரவு போடுவாள். அப்படி வந்த பெயர்தான் முதலாளி.

இன்னொரு குழந்தை வேண்டும் என்று முதலில் உத்தரவு போட்டதும் அவள்தான். "எனக்கு ஒரு தம்பி வேணும். அவனும் அங்கேயிருந்துதான் வரணும்." சொன்னதோடு நிற்காமல், தன் புத்தக அலமாரியில் பாதியைக் காலி செய்து, பொம்மைகளையெல்லாம் ஒரு பக்கமாக நெருக்கி அடுக்கிவிட்டாள். அக்காவும் மாமாவும் ஏற்கெனவே அதே எண்ணத்தில்தான் இருந்தார்கள். தத்தெடுப்பு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தார்கள். பிறகு காத்திருப்பு. காத்திருக்கத் தெரியாத மனிதருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. போன் அடித்தால் அவர் கைக்கு முன்னால் கால் போகும்.

ஒரு நாள் அந்தப் போன் வந்தது. நான்கு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றார்கள். அவனை முன்பே ஒரு குடும்பம் அழைத்துப் போயிருக்கிறது. கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, ஒத்துப்போகவில்லை என்று திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

நான் மேல் மாடியில் குடியிருப்பவள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அன்று கடைக்கு லேட்டானாலும் பரவாயில்லை என்று இறங்கி வந்தேன். மூன்று பேரும் சமையலறையில் நின்று குசுகுசுவென்று பேசினோம். "திருப்பி விட்டுட்டாங்களாம்" என்று மாமா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். "ஒத்துப்போகலையாம்! என்ன, சட்டையா?" அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாம கூட்டிட்டு வந்துடலாங்க" என்றாள். கூடத்தில் முதலாளி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

அதற்கு முன்னால் வீட்டைப் பார்க்க ஓர் அதிகாரியம்மா வருவார் என்று தகவல் வந்தது. அவ்வளவுதான், மாமா காலில் சக்கரம் கட்டிக்கொண்டார். அவருக்குத் தெரிந்த ஒரே அதிகாரி லைசென்ஸுக்கு டெஸ்ட் வைக்கிற அதிகாரி. ஆகவே அதற்கு 'டெஸ்ட்' என்றே பெயர் வைத்தார். தினமும் சாயங்காலம் வீட்டில் ஒத்திகை நடந்தது. அக்காவின் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அதிகாரியம்மாவாக உள்ளே வருவார். சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்பார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில். கை ஆடக் கூடாது. முகத்துல சிரிப்பு இருக்கணும். ஒரு தப்பு போதும், ஃபெயில்! எல்லாம் போச்சு."

நான் சிரித்துவிட்டேன். "நீ சிரிக்காத. நீ ஃபெயில் ஆகியே பழகினவ" என்றார். உண்மைதான். அவருடைய மாணவர்களில் மூன்று தடவை தோற்ற ஒரே ஆள் நான். "வாத்தியார் பிள்ளை மக்குன்னு சொல்வாங்க. எனக்குக் கொழுந்தியா மக்கு" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

முதலாளி மட்டும் ஒரு கேள்விக்கும் தடுமாறவில்லை. கைகட்டி, முதுகு நிமிர்ந்து, சிரித்த முகம். மாமா பூரித்துப் போனார். அக்காவுக்குத்தான் மனசு சரியில்லை. "அவ கைகட்டி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லையே" என்று என்னிடம் முணுமுணுத்தாள்.

அதிகாரியம்மா வந்தார். நல்ல மனுஷி. வீட்டைச் சுற்றிப் பார்த்தார், டீ குடித்தார், மாமாவின் கால் தரையை மிதிப்பதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். கடைசியில், "பாப்பாகிட்ட தனியா கொஞ்சம் பேசணும்" என்று அவளோடு உள்ளறைக்குப் போனார். மாமா என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அவருடைய நல்ல மாணவி உள்ளே போயிருக்கிறாள்.

வெளியே வந்தபோது அதிகாரியம்மாவின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"பாப்பா வேண்டாம்னு சொல்றா. 'நிறுத்திடுங்க'ன்னு சொன்னா. ஏன்னு கேட்டா பதில் இல்லை." கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "மூத்த குழந்தைக்கு மனசில்லாத வீட்டுக்கு நாங்க அனுப்ப மாட்டோம். அதுவும் இந்தப் பையனுக்கு ரெண்டாவது தடவை அப்படி நடந்துடக் கூடாது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கிறேன். அப்புறம் வேற குடும்பத்தைத்தான் தேடணும்."

அவர் போன பிறகு அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அலமாரியைக் காலி செய்த குழந்தை வேண்டாம் என்று சொல்வாளா?

அடுத்து வந்த நாட்களில் அந்த வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. மாமா குட்டி போட்ட பூனை மாதிரி வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். "ஏன் முதலாளி?" என்று கேட்டால் "சும்மாதான்" என்பாள். கெஞ்சினார். வேடிக்கை காட்டினார். தம்பி என்று ஒருவன் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினார். அவருக்கு இரண்டு தம்பிகள், இருவரோடும் பேச்சுவார்த்தை கிடையாது. முதலாளி கேட்டுக்கொண்டு, "சரிப்பா" என்றாள். அதுதான் அக்காவைப் பயமுறுத்தியது. படுக்கையைத் தானே மடிக்கிறாள், தட்டைத் தானே கழுவுகிறாள், கேட்டால் "சரி". உத்தரவு என்று ஒன்று வரவேயில்லை.

பயிற்சிக் காரில் நிலைமை இன்னும் மோசம். குறுக்கே ஒரு காக்கை பறந்தால் மாமா பிரேக்கை மிதித்தார். ஒரு மாணவர், "சார், ஓட்டுறது நானா நீங்களா?" என்று கேட்டே விட்டார்.

"வேண்டாம்னா அலமாரியில பொம்மையைத் திரும்ப வெச்சிருக்கணுமே" என்றாள் அக்கா ஒரு நாள். "பாதி இன்னும் அப்படியே காலியாத்தான் கிடக்கு. தூசி தட்டுறா. ஆனா எதையும் வைக்கலை." எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அதிகாரியம்மாவின் போன் எந்த நேரமும் வரலாம் என்று மட்டும் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குப் பாடம். நான்காவது டெஸ்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. முதலாளி பின் சீட்டில் இருந்தாள், சத்தமில்லாமல். நாலு ரோடு கூடுமிடத்தில் விளக்கு பச்சையானது. நான் கிளட்சை விட்ட விதத்தில் கார் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துபோனது. மறுபடி கிளப்பினேன். மறுபடி அணைந்தது. பின்னால் ஹாரன்கள் தொடங்கின. ஒரு வழியாகக் கார் நகர்ந்ததும், "போச்சு மாமா. இந்தத் தடவையும் நான் ஃபெயில்தான்" என்றேன்.

பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. "சித்தி, ஃபெயில் ஆனா உன்னை எங்க திருப்பி அனுப்புவாங்க?"

மாமாவின் கால் விழுந்தது. கார் நடு ரோட்டில் ஆணி அடித்த மாதிரி நின்றது.

அவர் முழு உடம்பையும் திருப்பிப் பின்னால் பார்த்தார். "யாரும்மா சொன்னா, ஃபெயில் ஆனா அனுப்புவாங்கன்னு?"

"நீதான். சமையலறையில சொன்னியே. அந்தத் தம்பி ஒத்துப்போகலைன்னு திருப்பி விட்டுட்டாங்கன்னு. அப்புறம் நம்ம வீட்டுக்கு டெஸ்ட்னு சொன்ன. ஒரு தப்பு போதும், எல்லாம் போச்சுன்னு சொன்ன." மூச்சு வாங்கிக்கொண்டாள். "தம்பி வந்தா அவனுக்கும் டெஸ்ட் வைப்பீங்க. அவன் சின்னப் பையன், மறுபடியும் ஃபெயில் ஆயிடுவான். இல்லேன்னா நான் ஆயிடுவேன். அந்த ஆன்ட்டி கேட்டப்போ எனக்குச் சந்தேகமா இருந்துச்சு. அதான் நிறுத்தச் சொன்னேன்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை தன் குஞ்சையே பயமுறுத்தி வைத்திருந்தது. எங்களைச் சுற்றி ஊரே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"முதலாளி, இங்க பாரு. ஃபெயில் ஆனது அந்தப் பெரியவங்க. தம்பி இல்லை. அவங்களுக்குத்தான் ஓட்டத் தெரியலை."

"அப்போ நம்ம வீட்டு டெஸ்ட்?"

"எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான். உனக்குக் கிடையாது. என்னிக்குமே கிடையாது. தம்பிக்கும் கிடையாது."

"நீங்க ஃபெயில் ஆனா?"

"மறுபடியும் போவோம். உன் சித்தி மாதிரி."

"சித்தி மாதிரியா?" என்று அவள் உண்மையான கவலையோடு என்னைப் பார்த்தாள். பிறகு, "நான் தப்பு பண்ணினா? பெரிய தப்பு?" என்றாள்.

"நல்லாத் திட்டு விழும். அனுப்புறது கிடையாது."

ஒரு வேன்காரர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். "ஏய்யா, நடு ரோட்டுல குடும்பம் நடத்துறியா?"

"ஆமாங்க" என்றார் மாமா. கன்னமெல்லாம் ஈரம். வேன்காரர் என்ன நினைத்தாரோ, தானே பின்னால் போய் மற்ற வண்டிகளை ஒதுங்கிப் போகச் சொல்லிக் கைகாட்டினார்.

மறுநாள் மாமா அலுவலகத்துக்கே போய் நடந்ததையெல்லாம் சொன்னார், கைப்பை மாட்டிக்கொண்டு நடித்தது உட்பட. அதிகாரியம்மா சிரிக்கவில்லை. திரும்பவும் வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை ஒத்திகை கிடையாது, சோபாவில் மடிக்காத துணி கிடந்தது. முதலாளியோடு நெடுநேரம் தனியாகப் பேசினார். கிளம்பும்போது மாமாவிடம், "தம்பி வந்தா, என்ன தப்பு பண்ணினாலும் சாயங்காலம் அவனை விளையாட விடணுமாம், அது சட்டமாம். உங்ககிட்ட சொல்லச் சொல்லி உங்க பொண்ணோட உத்தரவு" என்றார். அப்போதுதான் சிரித்தார். அதற்கப்புறமும் தாள், கையெழுத்து, காத்திருப்பு, பார்க்கப் போவது, வருவது என்று மாதங்கள் ஓடின. மாமாவின் செருப்பில் வலது கால் மட்டும் தேய்ந்தது.

அவனை அழைத்து வந்த நாள் காரை அக்கா ஓட்டினாள். மாமா பக்கத்து சீட்டில். பின்னால் நான், நடுவில் அவன், அந்தப் பக்கம் முதலாளி. மாமா வாங்கிக்கொடுத்த புது ஷூ போட்டிருந்தான். கையைக் கட்டிக்கொண்டு, முதுகு சாயாமல், சிரித்துக்கொண்டே இருந்தான்.

"தண்ணி வேணுமா கண்ணா?" என்றாள் அக்கா.

"சரி."

"ஜன்னல் திறக்கட்டுமா?"

"சரி."

"பாட்டுப் போடட்டுமா?" என்றார் மாமா.

"சரி."

முதலாளி அவனையே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தக் கைகட்டு யாருக்குத் தெரியுமோ இல்லையோ, அவளுக்குத் தெரியும்.

"டேய், இது டெஸ்ட் இல்லை" என்றாள்.

"சரி."

"சரி சொல்லாத. உனக்கு என்ன வேணாம்னு சொல்லு."

அவன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். உதடு கோணியது. "ஷூ கடிக்குது" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"கழட்டி எறி."

அவன் நம்பவில்லை. அவளே ஒன்றைக் கழற்றிக் கையில் கொடுத்தாள். எறிந்தான். அது மாமாவின் காதை உரசிக்கொண்டு போய் முன்கண்ணாடியில் அடித்து அவர் மடியில் விழுந்தது. பையனின் முகம் வெளுத்துவிட்டது. அவன் மாமாவின் பின்தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமா திரும்பாமலே உள்ளங்கையைப் பின்னால் நீட்டினார். "இன்னொண்ணு எங்க?"

இரண்டாவது ஷூவும் பறந்தது. அதோடு அவன் அழ ஆரம்பித்தான். எத்தனை மாதமாகச் சேர்த்து வைத்ததோ, காரே அதிரும்படி வாய்விட்டு அழுதான். என் மடியை உதைத்தான், என் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். அக்கா வெலவெலத்துப்போய் வேகத்தைக் குறைத்தாள். "என்னங்க, ஓரமா நிறுத்தட்டுமா?"

மாமா பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து உத்தரவு வந்தது.

"நிறுத்தாதம்மா. ஓட்டு. வீட்டுக்குப் போ."

"முதலாளி சொல்லிட்டாங்க, ஓட்டு" என்றார் மாமா. நான் எட்டிப் பார்த்தேன். இரண்டு குட்டி ஷூக்களையும் மடியில் பிடித்துக்கொண்டிருந்தார். வலது கால் ஓட்டை விழுந்த மிதியடிக்கு மேலே கொஞ்சம் தூக்கினபடி நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் வீடு வரும்வரை அவர் அதைக் கீழே வைக்கவில்லை.