மாலை போட்டவன் கால்

வேலை முடிந்து வந்ததும் நாகேந்திரன் வீட்டுக்குள் நுழைய மாட்டார். வாசல் குழாயடியில் குந்தி, ரப்பர் செருப்பைக் கழற்றி மடியில் கவிழ்த்துக்கொள்வார். அரைஞாண் கயிற்றில் மாட்டியிருக்கும் ஊக்கை எடுத்து, செருப்பின் அடியில் பதிந்த இரும்புத் துணுக்குகளை ஒவ்வொன்றாக நெம்புவார். சில துணுக்குகள் ரப்பரை உருக்கிக்கொண்டு உள்ளே போயிருக்கும். அவற்றோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். கடைசியில் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். மகள் ஷாலினிக்குக் கீழே கிடப்பதையெல்லாம் எடுத்து வாயில் போடும் வயது.

அந்தச் செருப்போடுதான் அவர் உருகிய இரும்பை வாளியில் ஏந்தினார். பள்ளிப்பட்டு சாலையிலிருந்த பவுண்டரி அது. சென்னையில் ஒரு பெரிய லாரி கம்பெனிக்கு பிரேக் டிரம் வார்த்து அனுப்பியது. தனக்குச் சாமான் தரும் பட்டறைகளில் தொழிலாளிக்குப் பாதுகாப்பு உண்டா என்று பார்க்க அந்தக் கம்பெனி வருடத்துக்கொரு முறை ஆள் அனுப்பும். பெண் பார்க்க வருவதுபோல, வருகிற தேதியை முன்னாலேயே சொல்லிவிடும். அன்று காலை பூட்டிய அறையிலிருந்து பூட்ஸும் தொப்பியும் கண்ணாடியும் வெளியே வரும். கார் கிளம்பிய தூசி அடங்குவதற்குள் எல்லாம் திரும்ப உள்ளே போய்விடும்.

2004 ஆடியில் நாகேந்திரன் கிருத்திகைக் காவடிக்கு மாலை போட்டார். மாலை போட்டவர் செருப்பு போடக் கூடாது. எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டுகிறவர்கூட அந்த நாட்களில் வெறுங்காலோடுதான் பிரேக் மிதிப்பார். ஒருநாள் பவுண்டரியில் கூரை ஒழுகி ஈரமாகிக் கிடந்த தரையில் இரும்புக் குழம்பு சிந்தியது. ஈரம் பட்ட இரும்பு வெடித்துத் தெறித்தது. வலது காலில் பெருவிரல் மட்டும்தான் மிஞ்சியது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீடு வந்த மறுநாள், பவுண்டரி மேனேஜர் சேஷகிரி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்.

"லாரி கம்பெனி ஆபீசர் விசாரிக்க வர்றார். மால போட்டதால நான்தான் பூட்ஸ் வேணான்னுட்டேன்னு சொல்லிடு நைனா. கேட்டுல உக்கார்ற வேலை உனக்குத்தான். இல்லாங்காட்டி ஆர்டரே போயிடும். அப்புறம் எனக்கே வேலை இல்ல, உனக்கு எங்க?"

ஊர் ஏற்கெனவே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. விரதத்தில் ஏதோ குற்றம் என்றும் ஒரு பேச்சு.

நான் பக்கத்து வீட்டுக்காரன். ஆபீசர் உட்கார எங்கள் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு அங்கேயே நின்றேன்.

"பூட்ஸ் குடுத்தாங்களா?" என்று கேட்டார் ஆபீசர்.

"ஆங்... குடுத்தாங்க சார். நான்தான் மால போட்டுகினு..." நாகேந்திரன் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி வசந்தி எழுந்து வந்தாள். "எப்ப பாவா குடுத்தாங்க? கனவுலயா?"

"நீ சும்மா இரு வசந்தி."

"சார், நீங்களே சொல்லுங்க. நீங்க வர்ற அன்னிக்கு எல்லாரும் பூட்ஸு போட்டுகினு நிக்கறாங்களே, அதுல ஒரு கீறல் பாத்தீங்களா? நெருப்புல வேலை செய்யறவன் பூட்ஸு, கல்யாண மாப்பிள்ள பூட்ஸு மாதிரி பளபளன்னு இருக்குமா?"

ஆபீசரோடு வந்திருந்த சேஷகிரி சிரித்தார். "காவடி நின்னுபோச்சில்ல சார். பயத்துல பேசுது."

"பயமா? முருகன் தலையில பழியப் போட்டுட்டு வாழப்பழம் வாங்கியாந்தியே, உனக்கில்ல இருக்கணும் பயம்!"

ஆபீசர் எழுந்துகொண்டார். "இது நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம்மா. இதுல நாங்க தலையிட முடியாது."

அவ்வளவுதான். ஒரு காலைத் தின்றுவிட்டு, சாமி பெயரைச் சொல்லி வாயைத் துடைத்துக்கொண்டார்கள். ஆர்டர் நிற்கவில்லை. மாலை அணிந்தோர் உலை அருகே வரக் கூடாது என்று வாசலில் ஒரு பலகை மட்டும் முளைத்தது. பூட்ஸ் அறையின் பூட்டு பூட்டியபடியே தொங்கியது. அடுத்த ஆடியில் மாலை போட்டவர்களைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். "உன் விரதத்தால எங்க பொழப்புல மண்ணு" என்று கேட்டில் உட்கார்ந்திருந்த நாகேந்திரனைத் திட்டிக்கொண்டே போனார்கள் அவர்கள். அவர் கேட்டைத் திறந்துவிட்டார். ஆபீசரின் கார் வந்தபோதும் எழுந்து நொண்டிப்போய்த் திறந்துவிட்டார்.

நாகேந்திரன் குடும்பம் பொதட்டூர்பேட்டைக்குக் குடிபோய் வெகுநாள் கழித்து, மலைக்கோயில் சூர்யநாராயண குருக்களிடம் பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னேன்.

"அந்தப் பிள்ளையா?" என்றார் குருக்கள். "மாலை போட்டுண்ட அன்னிக்கே எங்கிட்ட வந்து கேட்டானே. கம்பெனில பூட்ஸ் கேட்டிருக்கேன் சாமி, குடுத்தா மாலையோட போட்டுக்கலாமான்னு. உலைகிட்ட தாராளமா போட்டுக்கோ, முருகன் ஒண்ணும் சொல்லமாட்டான்னு நான்தான் விபூதி குடுத்து அனுப்பினேன்."