மூன்று வயது இளைத்த நீதிபதி

ஒஸ்லோவில் நீதிபதி ஆசனத்தில் உட்காரச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை என்பதை என் நாற்பத்து நான்காவது வயதில், அதாவது நாற்பத்தேழாவது வயதில், அறிந்துகொண்டேன். வயது ஏன் இரண்டாக இருக்கிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

2007இல் நகரசபைத் தேர்தலுக்கு எங்கள் கட்சியின் குரோருட் பகுதிக் கிளை வேட்பாளர் பட்டியல் தயாரித்தது. அதில் எனக்கு இடமில்லை. கிளையில் என் பங்கு கோப்பி ஊற்றுவதும் துண்டுப்பிரசுரம் மடிப்பதும்தான். கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கிளைத் தலைவி, ஓய்வுபெற்ற தபால்காரி, கேட்டார்:

"உன்னை மெட்டொம்மராகப் பிரேரிக்கலாமா?"

மெட்டொம்மர் என்றால், தொழில்முறை நீதிபதிக்குப் பக்கத்தில் அமர்ந்து, அவருக்குச் சமமான வாக்குடன் தீர்ப்புச் சொல்லும் சாதாரண ஆள். கட்சிகள் பெயர் கொடுக்கும்; புதிய நகரசபை தெரிவுசெய்யும். நான் வெட்கத்தோடு சம்மதித்தேன். சம்மதம் உண்மை, வெட்கம் நடிப்பு.

மனைவியிடம் ரகசியமாகச் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுமுன்னமே ஒருவர், "நீதவான் ஐயா, வாங்கோ வாங்கோ!" என்றார். லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியிருந்த இன்னொருவர், வேலி விஷயமாகப் பக்கத்து வீட்டுக்காரனோடு தனக்கிருந்த பிணக்கைப் பிரசாதம் ஆறும்வரை விளங்கப்படுத்தினார். தேர்தலுக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. ஆனாலும் நான் நாடியைத் தடவிக்கொண்டு, இரண்டு பக்கத்தையும் கேட்க வேண்டும் என்றேன்.

பிறகு படிவம் வந்தது. பெயர், முகவரி, பிறந்த திகதி. அடியில் ஒரு வரி: மேலே உள்ள யாவும் உண்மையென உறுதிப்படுத்துகிறேன்.

எண்பதுகளில் எங்களில் பலர் இந்த நாட்டுக்கு மாணவர்களாக வந்தோம். வயது கூடியவர்களுக்கு இடம் கிடைக்காது என்றொரு கதை யாழ்ப்பாணத்தில் உலாவியது. அது மெய்யா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. அப்பா யாரையோ பிடித்து ஒரு கிழமையில் புதிய பிறப்புச் சான்றிதழோடு வந்தார். நான் மூன்று வயது இளைத்திருந்தேன். என்னோடு ஒரே விமானத்தில் வந்த நண்பன் நான்கு வயது இளைத்திருந்தான். பயந்த சுபாவம்தான்; ஆனாலும் இதில் அவன் என்னைவிடத் துணிந்தவன்.

இருபது வருடமாக இதனால் ஒரு தொந்தரவும் இருக்கவில்லை. பஸ் கம்பனியில் அட்டவணை போடுவது என் வேலை. அங்கே பொய்த் திகதியில் கேக் வெட்டுவேன். கோயிலில் மெய்யான நட்சத்திரத்துக்கு அர்ச்சனை நடக்கும். ஆனால் இப்போது, பொய் சொன்னவனை நேரே பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் இடத்துக்குப் போகப் பொய்யில் கையெழுத்து வைக்க வேண்டும். படிவம் இரண்டு கிழமையாகக் குளிர்பெட்டிக் கதவில் தொங்கியது. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் பட்டது. நான் பால் விடாத தேத்தண்ணி குடிக்கப் பழகினேன். குடியுரிமையைப் பறிப்பார்களா? இவ்வளவு காலமும் ஏன் மறைத்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது?

ஹவுகன்ஸ்டுவாவில் இருந்த அந்த நண்பனிடம் போனேன்.

"மச்சான், ஆரும் உன்னைக் கேட்டவையே?"

"இல்லை."

"பிறகென்னத்துக்கு நீயாப் போய் வாயைத் திறக்கப் போறாய்?"

"கையெழுத்து வைக்கவேணுமடா. எல்லாம் உண்மையெண்டு."

"பாஸ்போட்டுக்கு வைக்கேல்லையே? பாங்கிலை வைக்கேல்லையே? அங்கையெல்லாம் வைச்ச கைதானே."

"அது வேறை. இது கோடு, வழக்குக் கேக்கிற இடம்."

"நீ உன்ரையைச் சொன்னால் அவங்கள் எங்களோடை வந்த எல்லாற்றையும் கிண்டுவாங்கள். எனக்கு மூண்டு பிள்ளையள். நீ நீதவானாகிறதெண்டால் முதல் வழக்கு என்னிலையோ?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் கோப்பையைத் தட்டில் வைக்கும்போது தேத்தண்ணி சிந்தியது. துடைக்கவில்லை. நான் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மனைவிக்கு இவ்வளவு சிக்கல் தெரியவில்லை. "ஒண்டில் உண்மையைச் சொல்லிப்போட்டு மூண்டு வருசம் முந்திப் பென்சன் எடுங்கோ. இல்லாட்டிப் பேசாமல் கையெழுத்தைப் போடுங்கோ. இந்த முகத்தோடை வீட்டுக்குள்ளை திரியாதேங்கோ."

சொன்னால் நண்பன் மாட்டுவான். சொல்லாமல் கையெழுத்து வைக்க என் கை வரவில்லை. நீதிபதிக்குரிய துணிவு எனக்கு இரண்டு பக்கமும் இல்லை என்பது தெளிவானது. தலைவிக்குத் தொலைபேசி எடுத்து, என் பெயரை நீக்கிவிடச் சொன்னேன்.

"பயமா? தீர்ப்புச் சொல்லப் பயப்படுகிறவர்கள்தான் எனக்கு வேண்டும்," என்றார்.

"இல்லை, வேலை கூடிவிட்டது. அட்டவணையெல்லாம் மாறுகிறது."

அந்த வருடம் எங்கள் அட்டவணையில் ஒரு நிமிடமும் மாறவில்லை.

மறுமுனையில் கடதாசி புரளும் சத்தம். "பாவம். நல்ல ஆளென்று நினைத்திருந்தேன். பொறு, உன் பெயரிலேயே இன்னொருவர் இருக்கிறார். தவறான ஆளை வெட்டிவிடக்கூடாது. பிறந்த திகதியைச் சொல்."

சொன்னேன். கேக் வெட்டும் திகதிதான். ஒரு இடத்திலும் நாக்குத் தடுமாறவில்லை. அவர் ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்லி, சரிதானே என்று கேட்டார்.

சரி என்றேன்.