மூண்டு சபையும் கை உயர்த்தின நாள்

என்ர மனுசன் நிருபனைப் பற்றி ஆரும் கேட்டா நான் முதல்ல ஒண்டு சொல்லுவன். அந்த ஆளை நம்பி வீட்டைப் பூட்டித் திறப்பையும் குடுக்கலாம், பிள்ளையையும் குடுக்கலாம். ஆனா அவசரத்துக்கு ஒரு சொல்லுக் கேட்டு மட்டும் போயிடாதேங்கோ. தனக்கு உரித்தில்லாத சொல்லு அவற்ற வாயில இருந்து வராது. தலைகீழா நிண்டாலும் வராது.

துறைமுகப் பக்கம் மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் திருத்துறது இவற்ற தொழில். ஒருக்கா ஒருத்தர் தன்ர பழைய எஞ்சினை விக்க ஆள் கூட்டிக்கொண்டு வந்தவர். வாங்க வந்தவருக்கு முன்னால, "எஞ்சின் நல்லாத்தானே இருக்கு, நிருபன்?" எண்டு கேட்டு, கண்ணையும் சிமிட்டினார். இவர் கையைத் துணியில துடைச்சுப்போட்டு, "உள்ளுக்க ஒரு வெடிப்பு இருக்கு, அண்ணை" எண்டு மற்றவரைப் பாத்துச் சொன்னார். விக்க வந்தவரும் போனார், வாங்க வந்தவரும் போனார். எங்கட வீட்டில அண்டைக்குப் பருப்பும் சோறும்தான். என்ன செய்யிறது, கட்டின ஆள் அப்பிடி.

நான் கத்தோலிக்கப் பிள்ளை. மக்டலின் எண்ட பேரே அதைச் சொல்லும். இவரைக் கலியாணம் கட்டித்தான் லிங்கநகர் பப்டிஸ்ட் சபைக்கு வந்தனான். எங்கட பக்கத்தில ஆயர் ஒரு வார்த்தை சொன்னா அடுத்த ஞாயிறு எல்லாக் கோயில்லயும் அதைத்தான் வாசிப்பினம். இவையிட்ட ஆயரும் இல்லை, மேலிடமும் இல்லை. ஒவ்வொரு சபைக்கும் அந்தச் சபைதான் தலை. எதுக்கும் சபைக் கூட்டம் வைக்கவேணும். ரெண்டு ஞாயிறு முன்கூட்டி அறிவிச்சு, அங்கத்தவர் எல்லாரும் இருந்து கதைச்சு, கை உயர்த்தி முடிவெடுக்கவேணும். ஒருத்தர் முகம் சுழிச்சாலும், "ஒருமனம் வரட்டும், ஜெபிப்பம்" எண்டு தள்ளிப்போடுவினம். நான் வந்த வருஷம் சபைக் கதவுக்கு என்ன நிறம் பூசுறது எண்டு ஒரு கதை கதைச்சினம் பாருங்கோ, அம்மாடி! மழைக்காலம் வந்து கதவு ஊதி, பூட்ட ஏலாமப் போனதுதான் மிச்சம்.

நான் விழுந்து விழுந்து சிரிச்சன். இவர் கோவிக்கேல்ல. இவருக்கு ஒரு தமையன் இருந்தவர். யுத்தக் காலத்தில ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்த ஆக்கள், "நாங்கள் சனம் எல்லாருக்குமாத்தான் கதைக்கிறம்" எண்டு சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு போனவை. திரும்பி வரேல்ல. "மக்டலின், ஒருத்தர் எல்லாருக்குமாக் கதைக்கத் தொடங்கினா என்ன வரும் எண்டு எனக்குத் தெரியும்" எண்டு மட்டும் சொன்னார். பிறகு நான் கதவைப் பற்றிக் கதைக்கிறதை விட்டிட்டன்.

எங்கட லிங்கநகர்ச் சபை, தோப்பூர்ப் பக்கத்துச் சின்னச் சபை, கந்தளாயில இருக்கிற சிங்களச் சபை, இந்த மூண்டும் சமாதானத்துக்கும் நீதிக்கும் சேந்து வேலை செய்யிறதெண்டு சில வருஷமா ஒரு குழு வைச்சிருக்கினம். இவர் இளவயசில கந்தளாயில வேலை பழகினவர், சிங்களம் நல்லாத் தெரியும். அதால ஒழுங்குபடுத்துற வேலை எல்லாம் இவற்ற தலையில. மரம் நடுவினம், இரத்ததானம் வைப்பினம், ரெண்டு பாஷையிலயும் பாட்டுப் படிப்பினம். பனர் பிடிச்சுப் படம் எடுக்கிறதுக்குச் சமாதானம் நல்ல சாமான்தான் எண்டு நான் பகிடி பண்ணுவன். பகிடி பண்ணினாலும் கந்தளாய்ப் பெண்டுகள் வந்தால் எனக்குச் சந்தோசம். என்ர அரைகுறைச் சிங்களத்தைக் கேட்டு அவையும் சிரிப்பினம்.

அந்தக் குழுவுக்கு முதன்முதல் வந்த உண்மையான வேலை நஜ்முன் நிஸா ராத்தான்ர காணி.

முஸ்லிம் ஆக்கள் அக்காவை ராத்தா எண்டுதான் சொல்லுவினம். இவ தோப்பூர்ச் சபைக்குக் கிட்ட இருக்கிறவ. மனுசன் மௌத்தாகிட்டார், ஒரே மகளைக் கிண்ணியாவில கட்டிக் குடுத்திட்டா. யுத்தத்தில ஊரோட ஓடி, காணிப் பத்திரம் எல்லாத்தையும் துலைச்சு, திரும்பி வந்து தன் கையால பத்தை வெட்டி, கிணத்தைத் துப்புரவாக்கி மிளகாய் வைச்சவ. அந்த மிளகாய்தான் அவவின்ர சீவியம். ஒரு நாள் ஒரு திணைக்களத்து ஆக்கள் வந்து, இது காட்டு எல்லைக்குள்ள வருது, கம்பி வேலி அடிக்கப்போறம் எண்டு சொல்லி நிறம் பூசின கட்டையளை நட்டுப்போட்டுப் போனவை. மிளகாய்ச் செடியைப் பாத்துக் காடு எண்டு சொல்லுற கண்ணை என்ன செய்யிறது?

இவர் அவவின்ர தண்ணி மெஷினைத் திருத்தப் போன இடத்தில ராத்தா அழுதிருக்கிறா. "பள்ளிவாசல்ல இருந்தும் போய்க் கேட்டாங்க, தம்பி. தங்கட ஆளுக்காகத்தானே கதைக்கிறாங்க எண்டு அவங்க கணக்கெடுக்கல்ல. நீங்க தமிழாக்களும் சிங்கள ஆக்களும் வந்து எனக்காகச் சொன்னா, கேப்பாங்க."

இவர் வந்து எனக்கு எல்லாத்தையும் சொன்னார். குழுவைக் கூப்பிட்டார். மூண்டு போதகர்மாரும் ஒரு தடையும் சொல்லாமல் அந்தத் திணைக்கள அதிகாரியிட்டப் போக ஒத்துக்கொண்டினம். ராத்தாவுக்குத் துணையா நானும் போனன்.

அந்த அதிகாரி கெட்ட ஆள் இல்லை. அதை நினைச்சாத்தான் எனக்கு இப்பவும் வயிறு எரியுது. கதிரை போட்டு இருத்தி, ராத்தா சொன்னது எல்லாத்தையும் இவர் சிங்களத்தில சொல்லச்சொல்லக் கேட்டார். பிறகு பேனையை எடுத்தார். "கம்பி அடிக்கிற ஆக்கள் கெதியில வரப்போகினம். இந்த மனுசி முந்தியே செய்த காணி எண்டு ஒரு நிறுவனம் பொறுப்பா நிண்டு சொன்னா, நான் வேலையை நிப்பாட்டி விசாரணைக்குப் போடலாம். மூண்டு சபையும் சேந்து கேக்குதெண்டு எழுதுறன். உங்கள் எல்லாருக்குமாக் கதைக்கிற ஆள் ஆர்? ஒரு பேர் சொல்லுங்கோ."

போதகர்மார் மூண்டு பேரும் இவரைப் பாத்தினம். ராத்தாவும் இவரைத்தான் பாத்தா. நான் முழங்கையால ஒரு இடி இடிச்சன்.

"எங்களில அப்பிடி ஒருத்தரும் இல்லை, ஐயா" எண்டார் என்ர மனுசன்.

"நீங்கள்தானே கூட்டிக்கொண்டு வந்தது? உங்கட பேரைப் போடவோ?"

"போட ஏலாது, ஐயா. மற்றச் சபையளுக்காகக் கதைக்க எனக்கு உரித்தில்லை. ஒவ்வொரு சபையும் கூடித்தான் தீர்மானிக்கவேணும். கேட்டுக்கொண்டு வாறம்."

"ஓம், அதுதான் எங்கட முறை" எண்டு போதகர்மாரின்ர மூண்டு தலையும் சேந்து ஆடினது. அதில மட்டும் உடனே ஒருமனம்! அதிகாரி பேனையை மூடினார். "கேட்டுக்கொண்டு வாங்கோ. ஆனா நான் வேலையை நிப்பாட்டிப்போட்டன் எண்டு மட்டும் நினைக்காதேங்கோ" எண்டார்.

பஸ் கிண்ணியாப் பாலம் தாண்டினாப் பிறகு நல்லாக் குடுத்தன். "ஓம் எண்டு ஒரு சொல்லு! ஒரே ஒரு சொல்லு! சொல்லிப்போட்டுப் பிறகு வந்து சபையைக் கேட்டா வானமே இடிஞ்சு விழப்போகுது?"

"கந்தளாயில அந்தச் சபை ஆக்கள் கொஞ்சப் பேர், மக்டலின். தங்கட ஊருக்குள்ளேயே தனிய இருக்கிற சனம். தமிழாக்களோட சேந்து முஸ்லிம் மனுசிக்குக் காணி பிடிச்சுக் குடுக்கினம் எண்டு ஆரும் பிரச்சினை பண்ணினா, அதுக்கு முகம் குடுக்கப்போறது அவை. அவையைக் கேக்காமல் நான் எப்பிடி ஓம் எண்டுறது?"

நியாயமான கதைதான். அந்த ஆள் நியாயமில்லாத கதை கதைச்சிருந்தா நான் இன்னும் கொஞ்சம் நிம்மதியா ஏசியிருப்பன்.

எங்கட சபையில ரெண்டு ஞாயிறு அறிவிச்சினம். இவர் கெதிப்படுத்தக் கேட்டுப் பாத்தார், ஒழுங்கு ஒழுங்குதான் எண்டிட்டினம். கூட்டத்தில ஒருத்தர் எழும்பி, "எங்கட ஆக்களின்ர காணியே எத்தினை இன்னும் திரும்பக் கிடைக்கேல்ல, அதுக்குள்ள சோனக மனுசிக்கு ஏன் ஓடுறியள்?" எண்டு கேட்டார். எனக்கு ரத்தம் கொதிச்சது. நிருபன் பொறுமையா மறுமொழி சொன்னார். வெயில் இறங்கும்வரைக்கும் கதைச்சு, கடைசியில அந்த மனுசனும் கை உயர்த்தினார். தோப்பூர்ச் சபை அக்கம்பக்கத்து ஆக்கள் எண்டபடியா கையோட முடிவெடுத்திட்டினம். ஆனா ராத்தா சொன்னமாதிரிச் சிங்களச் சபையும் சேந்து கேட்டால்தானே கணக்கெடுப்பினம்.

கந்தளாயில வெள்ளாண்மை வெட்டுக் காலம். முதல் கூட்டத்துக்கு ஆள் காணாது, தள்ளிப்போட்டினம். அடுத்ததுக்கு நாங்களும் போனம். ஒரு தாய் எழும்பி, தன்ர மகன் அரசாங்க வேலையில இருக்கிறான், இதால அவனுக்குக் கரைச்சல் வந்தா என்ன செய்யிறது எண்டு கேட்டு அழுதா. ஒருத்தரும் அவவை அதட்டேல்ல. அவவுக்கு மனம் வரும்வரைக்கும் பொறுப்பம் எண்டு கலைஞ்சினம். நான் வெளியில வந்து மண்ணைக் காலால உதைஞ்சன். இங்க இவை பொறுக்கினம், அங்க கம்பிக்காரன் பொறுப்பானே? இவர் அதிகாரியின்ர கந்தோருக்குப் போன் எடுத்துக் கேட்டா, "ஐயா வெளிவேலைக்குப் போயிட்டார்" எண்டு ஒரே மறுமொழி. ராத்தா எங்களுக்கு எடுக்கிறதை விட்டிட்டா.

அடுத்த கூட்டத்தில அந்தத் தாய்தான் முதல் ஆளாக் கை உயர்த்தினா. பிறகு ஒவ்வொரு கையா எழும்பினது. பொய் சொல்லக்கூடாது, எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு. இத்தினை சனம், இத்தினை பயம், எல்லாத்தையும் தாண்டி ஒரு முஸ்லிம் மனுசிக்காக உயர்ந்த கையள். நிருபன் முகத்தை மூடிக்கொண்டு இருந்தார். "பாத்தீரே, மக்டலின்? ஒருத்தரையும் இழுத்துக்கொண்டு வரேல்ல. தாங்களாத்தான் வந்தவை" எண்டார். அண்டைக்கு நானும் அந்த மனுசனை மன்னிச்சன்.

கூட்டத்துக்கு வந்த லிங்கநகர், தோப்பூர் ஆக்களும் இரவு கந்தளாயிலேயே தங்கி, அடுத்த நாள் விடிய மூண்டு சபையும் ஒரே பஸ்ஸில வெளிக்கிட்டம். முதல்ல ராத்தாவைக் கூட்டிக்கொண்டு, அங்கயிருந்து கந்தோருக்குப் போறதெண்டு ஏற்பாடு. கந்தளாய்ப் பெண்டுகள் பாற்சோறு கட்டிக்கொண்டு வந்தவை. பஸ்ஸுக்குள்ள பாட்டு.

தோப்பூர்ச் சபையைத் தாண்டித் திரும்பினவுடன பாட்டு நிண்டிட்டுது. நாங்கள் கந்தளாயில நிண்ட நாளில கொங்கிரீட் தூண் வரிசையா நட்டு, முள்ளுக்கம்பி மூண்டு வரி இழுத்து முடிஞ்சிருந்தது. கிணறு உள்ளுக்க. மெஷின் உள்ளுக்க. சிவக்கச் சிவக்கக் காய்ச்சுத் தொங்கின மிளகாய் முழுக்க உள்ளுக்க. ராத்தா வெளியில, ஒரு தூணில கையை வைச்சுக்கொண்டு நிண்டா.

நிருபன் கந்தோருக்கு ஓடினார். அதிகாரி எல்லாத்தையும் கேட்டுப்போட்டு, "அண்டைக்கெண்டா என்ர கையில இருந்தது. இப்ப எல்லை போட்டு முடிச்சு விசயம் மேலிடத்துக்குப் போயிட்டுது, இனி என்னால ஏலாது" எண்டாராம். அவருக்கும் கவலைதான் எண்டு இவர் வந்து சொன்னார். அந்தக் கவலையை வைச்சு நாங்கள் என்ன செய்யிறது?

எல்லாரும் கம்பிக்கு இந்தப் பக்கம் நிண்டம். கந்தளாய்த் தாய் பாற்சோத்தை என்ன செய்யிறது எண்டு தெரியாமல் கையில வைச்சுக்கொண்டு நிண்டா. ஒரு போதகர் ஜெபம் பண்ணத் தொடங்கி, இடையில நிப்பாட்டிட்டார்.

"தம்பி, அந்த மிளகாப் பழத்தையாவது ஆயலாமா? கேட்டுப் பாருங்களேன்" எண்டா ராத்தா.

வேலிக்கு விட்டிருந்த படலைக் கதவடியில மேற்பார்வைக்காரன் ஒருத்தன் கதிரை போட்டு இருந்தவன். இவர் நேர அவனிட்டப் போனார். போதகர்மாரைத் திரும்பிப் பாக்கேல்ல, என்னையும் பாக்கேல்ல. நான் பின்னால போய்க் கேட்டுக்கொண்டு நிண்டன். "இந்தச் சனம் எல்லாருக்கும் நான் பொறுப்பு. எல்லாருக்குமா நான்தான் கதைக்கிறன். மத்தியானம் வரைக்கும் திறந்து விடுங்கோ, மிளகாயை ஆய்ஞ்சுகொண்டு போறம். ஏதும் பிழை நடந்தா என்னைப் பிடியுங்கோ" எண்டு சிங்களத்தில சொன்னார். என்ர காதையே நம்ப ஏலாமல் இருந்தது. அவன் இவற்ற பேரை மட்டும் கேட்டிட்டுப் படலையைத் திறந்து விட்டான்.

மூண்டு சபையும் உள்ளுக்க இறங்கினம். தமிழும் சிங்களமும் கலந்து, சாக்கு இல்லாதவை சீலைத் தலைப்பிலயும் சாரத்திலயும் ஆய்ஞ்சினம். காரம் கையில ஏறி எரிஞ்சது. இவர் அவனிட்டச் சிங்களத்தில சொன்னதை ஆயேக்க நான் ராத்தாவுக்குச் சொன்னன்.

வெளியில வந்தாப் பிறகு ராத்தா சாக்குகளைப் பாத்தா, படலையைப் பாத்தா, கடைசியா நிருபனைப் பாத்தா. கோவம் ஒண்டும் இல்லை. தேத்தண்ணிக்குச் சீனி காணுமா எண்டு கேக்கிற மாதிரித்தான் கேட்டா.

"இத அண்டைக்கே அந்த ஐயாக்கிட்டச் சொல்லியிருக்கலாமே, தம்பி?"

நிருபன் அப்பிடியே ரோட்டோரத்தில குந்தினார். நான் இத்தினை கிழமையா இதைத்தானே அவரிட்டக் கேட்டுக் கேட்டு ஏசினனான். இப்ப ராத்தாவைப் பாத்து, அப்பிடிக் கேக்காதேங்கோ எண்டு கத்தவேணும்போல இருந்தது. கத்துறதுக்கு அவ பிழையா ஒண்டும் கேக்கேல்லையே. மிளகாய்க் கையாலேயே கண்ணைத் துடைச்சுக்கொண்டிருந்தார் என்ர மனுசன். அந்தக் கையைப் பிடிச்சு இழுக்கவும் எனக்கு ஏலாமல் போச்சு.