எருசலேம் எரிந்த மாலையில் மங்களம்

காங்கேயத்துப் பக்கம் ஒரு மாட்டுத் தாவணியில் என் சொற்பொழிவு தொடங்கவிருந்த வேளையில், சப்-இன்ஸ்பெக்டர் என்னைத் தனியே அழைத்தார். சட்டமறுப்பு இயக்கத்தை ஒட்டிப் பொதுக்கூட்டங்களுக்குத் தடை இருந்த முப்பதுகளின் தொடக்கம் அது. நான் கோயமுத்தூரில் ஓர் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியன். விடுமுறைகளில் ஒரு கல்விச் சங்கத்தின் சார்பில், மேஜிக் லாந்தரில் கண்ணாடிப் படங்களைக் காட்டி, ஊர் ஊராக உலக வரலாறு சொல்லி வந்தேன். அன்றைய பொருள், பழங்கால யூதர் பேரரசுகளை எதிர்த்து எழுந்த கதை.

"ஏனுங்க பண்டிதரே, அந்த யூதருங்க ஜெயிச்ச படமும் வெச்சிருக்கீங்களாமா?"

"இருக்குதுங்க."

"அது வேண்டாமுங்க. ரோமாபுரிக்காரங்ககிட்டத் தோத்தாங்களே, அத மட்டும் காட்டுங்க. மீறுனீங்கன்னா இனிமே எந்த ஊர்லயும் பர்மிட் கெடைக்காது. பள்ளிக்கூடத்துக்கும் எழுதிப்போடுவேன்."

என் ஒருவன் சம்பளத்தில் குடும்பம் நடந்து வந்தது. தலையசைத்தேன். லாந்தர் இயக்கும் ரங்கசாமி, வெற்றிப் படங்களைத் தனிப் பெட்டியில் அடுக்கி மூடினார். "ஜெயிச்சவங்களப் புடிச்சு உள்ள போட்டாச்சுங்க. தோத்தவங்க வெளிய வரலாமுங்க" என்றார்.

தீயோடு நின்ற கதை

மாடு கட்டியிருந்த இடத்தை அடுத்த வெளியில் திரை கட்டினோம். விற்க வந்தவர்களும் வாங்க வந்தவர்களும் தரையில் நிறைந்திருந்தனர். உரோம ஆளுநன் எருசலேம் கோயிலின் கருவூலத்தில் கைவைத்ததைச் சொன்னபோது, "சாமி காசுலயா கை வெச்சான்? உடலாமாங்க அவன?" என்று ஒரு குரல் எழுந்தது. யூதர் ஆயுதம் எடுத்ததும் கூட்டம் அவர்கள் பக்கம் சேர்ந்துவிட்டது. முற்றுகை, பசி, உரோமத் தளபதி தீத்துவின் படை என்று படங்கள் நகர்ந்தன. செந்நிறம் தீட்டிய கடைசிப் படத்தில் கோயில் எரிந்தது. நான் வணக்கம் கூறினேன்; ரங்கசாமி விளக்கைத் தணித்தார்.

ஒருவரும் எழவில்லை.

முன்வரிசையில் இருந்த அம்மையார் ஒருவர், இரண்டு காளைகளோடு தாவணிக்கு வந்திருந்தவர், "அவ்வளவுதானுங்களா?" என்றார்.

"அவ்வளவுதானுங்க."

"கோயல் எரியறதப் பாத்துப்போட்டு ஆராச்சும் எந்திரிப்பாங்களா? விடிஞ்சா மாடு விக்கோணுமுங்க. கதை கேட்டா, கலியாணமோ பட்டாபிசேகமோ வந்தாத்தானுங்க எந்திரிக்கோணும். மங்களமா ஒண்ணு சொல்லுங்க, நாங்க பாட்டுக்குப் போறோம்."

சப்-இன்ஸ்பெக்டர் முன்னே வந்து, "முடிஞ்சுதல்ல? எல்லாரும் கலைஞ்சு போங்க!" என்றார்.

"ஏனுங் எசமான், உங்க மாமனாரு காளையும் அங்கதான் நிக்குது. அதுக்காகவாச்சும் நல்லதாச் சொல்லச் சொல்லுங்க" என்றார் அம்மையார். கூட்டம் சிரித்தது. நடுவில் அமர்ந்திருந்த மாமனாரோ சிரிக்கவில்லை. "மாப்ள, அந்தம்மா சொல்றது ஞாயந்தானுங்க. சித்த உக்காருங்க" என்றார்.

சப்-இன்ஸ்பெக்டர் என் அருகில் குனிந்தார். "என்னத்தையாச்சும் மங்களமாச் சொல்லி முடிச்சு உடுங்க பண்டிதரே."

"எங்கிட்ட மங்களமா இருக்கிறது அந்தப் பெட்டி ஒண்ணுதானுங்க."

அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு மாமனாரைப் பார்த்தார். "சரி, வெரசாக் காட்டுங்க" என்று சொல்லி உட்கார்ந்தார்.

ஏற்றிய விளக்கு

வரலாற்றின் வரிசையைக் குலைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே, "இனிக் காட்டுவது, இந்தத் தீக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்னே நடந்தது" என்று அறிவித்தேன்.

"முன்னால நடந்தா என்னங்க? நடந்ததுதானுங்களே! ஒருக்கா ஜெயிச்சவன் இன்னொருக்கா ஜெயிக்க மாட்டானா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். அதற்கு எழுந்த ஆரவாரத்தில் கட்டியிருந்த மாடுகள் மிரண்டன.

யூதர் தம் வழிபாட்டைக் கைவிடவேண்டும் என்ற கிரேக்க வழி வந்த அந்தியோக்கு அரசனின் ஆணைக்குப் பணியாத முதிய குரு மத்தத்தியா திரையில் தோன்றினார். அவர் மகன் யூதா மக்கபே மலையில் ஆள் திரட்டினான், பெரும்படைகளை முறியடித்தான், அரசன் தீட்டுப்படுத்திய கோயிலை மீட்டுத் தூய்மை செய்தான். கடைசிப் படத்தில், அணைந்து கிடந்த விளக்கை மறுபடியும் ஏற்றினார்கள்.

கூட்டம் முழுவதும் எழுந்து கைகூப்பியது. அம்மையார், "இப்பப் போலாமுங்க" என்றார். திரும்பிப் பார்த்தேன். சப்-இன்ஸ்பெக்டரும் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டு நின்றார்.

பள்ளிக்கு அவர் ஒன்றும் எழுதவில்லை. வரலாறு கற்பிக்க வரும் இளைஞர்களுக்கு நான் கூறுவது இது: தோல்வியை ஒளிக்காதீர்கள், எந்தக் காலத்தில் எது நடந்தது என்பதையும் மாற்றாதீர்கள். ஆனால், கேட்பவர் எந்தப் படத்தைக் கண்ணில் ஏந்தி வீடு திரும்பவேண்டும் என்பதைப் பிறர் முடிவுசெய்ய விடாதீர்கள். அதன்பின் ஒவ்வோர் ஊரிலும் அனுமதி கேட்கும்போது, "தோல்வியை முழுவதும் காட்டுவேன், முடிவில் மங்களம் உண்டு" என்றே சொல்லிவந்தேன். மங்களம் வேண்டாம் என்று சொல்லத் துணிந்த அதிகாரி ஒருவரையும் கொங்கு நாட்டில் நான் கண்டதில்லை.